டிரைவர் சரியா இருக்கணும்

கடலூர் கடையிலேர்ந்து சிதம்பரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரை என் லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனேன். ஒவ்வொண்ணும் என் நெஞ்சு ஒசரம். வாங்கினவர் ஒல்லியான மனுசன். நாம என்ன பேசினாலும் இடது காதைத் திருப்பிக் காட்டுவாரு. கூடத்துல ஒரே ஒரு நாற்காலிதான் கெடந்துச்சு.

பெட்டியைப் பிரிச்சதும், "டிரைவர் சரியில்லன்னா திருப்பி அனுப்பிடுவேன்"னாரு.

"நான் என்னா சார் பண்ணேன்? ஒரு பள்ளத்துல கூட எறக்கலியே."

சிரிச்சாரு. "உன்னை இல்லப்பா. உள்ள சத்தம் குடுக்கற வட்டத்துக்கும் டிரைவர்னுதான் பேரு."

பாட்டைப் போட்டுட்டு என்னை நாற்காலியில உக்காரச் சொன்னாரு. "எனக்கு வலது காது போயிடுச்சு. பாடற பொம்பள எங்க நிக்கிறா, நீ சொல்லு."

கண்ணை மூடினேன். குரல் ரெண்டு பெட்டியிலேர்ந்தும் வரல.

"நடுவுல சார். இதோ, ஒண்ணும் இல்லாத எடத்துல"ன்னு கையைக் காட்டினேன்.

"அசையறாளா?"

"இல்ல சார். அப்படியே நிக்கிறாங்க."

"அப்ப ரெண்டு பக்கமும் டிரைவர் ஒத்துப்போவுது. இருக்கட்டும்"னாரு. அப்பறம், "இன்னொரு பாட்டு கேளேன்."

சேத்தியாத்தோப்புல லோடு காத்துக்கிட்டு இருந்துச்சு. எழுந்துட்டேன்.

வாசல்ல செருப்பு மாட்டறப்ப திரும்பிப் பாத்தேன். சத்தத்தைக் கூட்டப் போனவரு, நான் கைகாட்டின எடத்தை மிதிக்காம சுத்திக்கிட்டுப் போனாரு.