சனிக்கிழமை ஸ்டாப்

என் இடது மணிக்கட்டில், கடிகாரம் கட்டினால் மறைந்துவிடும் இடத்தில், அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அத்தையின் கண்ணாடி வளையல் உடைந்து கீறிய இடம் அது. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். ரத்தம் வந்ததோ வலித்ததோ எதுவும் ஞாபகம் இல்லை. அத்தை பிடித்த பிடிதான் ஞாபகம் இருக்கிறது. எலும்பு நொறுங்கிவிடும் போலப் பிடித்திருந்தாள். கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் என் கைதான் அப்படி நடுங்குகிறது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாப் என்றால் எனக்கு இன்றைக்கும் பயம். சொன்னால் சிரிப்பார்கள். பேய்க்குப் பயப்படலாம், பாம்புக்குப் பயப்படலாம், ஸ்டாப்புக்கு யாராவது பயப்படுவார்களா என்று ஆபீசில் கேட்பார்கள். எங்கள் காரைக்கால் பக்கத்து ஸ்டாப்புகளைப் பற்றித் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. இங்கே பாதி ஸ்டாப்புகளுக்கு இல்லாத பொருளின் பெயர்தான். 'சொல்தா வீடு' என்று கண்டக்டர் கூவுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்த வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டி, அதில் செல்போன் கடை கூட வந்துவிட்டது. சொல்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அவர் வீட்டில்தான் தினமும் ஜனங்கள் இறங்குகிறார்கள். 'புளியமரத்தடி' என்று ஒன்று உண்டு. மரம் ஒரு புயலில் சாய்ந்து, அதை யாரோ விறகாக எரித்தும் தீர்த்தாயிற்று. நிழலில்லாத மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லையில் இன்னொரு வேடிக்கை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. போகிற பஸ்ஸுக்கு ஒரு மாநிலத்தில் காத்திருந்து, திரும்பி வரும்போது இன்னொரு மாநிலத்தில் இறங்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் தமாஷ். எனக்கு அப்படி இல்லை. இல்லாததை நம்பி இறங்குகிற இடங்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, கண்டக்டரிடம் ஒப்படைப்பது. சாப்பாட்டுக் கேரியர், மறந்துவிட்டுப் போன சாவிக்கொத்து, டவுனிலிருந்து மருந்து எல்லாம் பஸ்ஸில் தனியாகப் போகும். மண்டபத்தூர் பக்கம் மீன் கூடை முன்னால் ஒரு பஸ்ஸில் போகும், கூடைக்காரம்மா பின்னால் வேறு பஸ்ஸில் வருவார். அந்த முனையில் ஒருத்தர் நின்று வாங்கிக்கொள்வார். அதேபோலப் பிள்ளைகளையும் ஏற்றி விடுவார்கள். 'பாத்து எறக்கி விட்ருங்க' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வாங்கிக்கொள்ள வந்தவரிடம் கண்டக்டர் 'புள்ளைய ஒப்படைச்சாச்சு' என்று சொல்லிவிட்டு விசில் கொடுப்பார்.

அத்தை, அப்பாவின் அக்கா, வாழ்க்கைப்பட்ட ஊர் நெடுங்காட்டுக்குப் பக்கம். அந்த ஊருக்கு இரண்டு ஸ்டாப். சாதாரண நாளில் பஸ் திருநள்ளாறு வழியாக வந்து குளக்கரையில் நிற்கும். சனிக்கிழமை திருநள்ளாற்றில் சனீஸ்வரனைப் பார்க்க ஊர்ப்பட்ட ஜனம் வந்துவிடுவதால், பஸ் உள்ளே போகாமல் வாய்க்கால் கரை ரோட்டில் சுற்றிக்கொண்டு வந்து, ஊரின் மறுகோடியில் மதகடியில் நிற்கும். அதற்குப் பெயர் சனிக்கிழமை ஸ்டாப். பலகை கிடையாது, கொட்டகை கிடையாது. மற்ற ஆறு நாளும் அங்கே ஆடு மேயும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அது ஸ்டாப். குளக்கரைக்கும் மதகடிக்கும் நடுவில் வெறும் வயல்.

அந்தத் தடவை அம்மா தம்பியைப் பெற ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அப்பா காலை பஸ்ஸில் அத்தைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் என்னை ஏற்றி விட்டார். சனிக்கிழமை இல்லை, வியாழக்கிழமை. ஆனால் சனிப்பெயர்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. பெயர்ச்சிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே கூட்டம் வந்து குவிந்துவிட்டதால், மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸையெல்லாம் சனிக்கிழமை வழியில் திருப்பி விட்டுவிட்டார்கள். அது அத்தைக்குத் தெரியாது. வியாழக்கிழமை ஆயிற்றே என்று அவள் குளக்கரையில் போய் நின்றிருக்கிறாள். எங்கள் ஊர்க்காரர்கள் கிழமையைப் பார்த்துத்தான் ஸ்டாப்புக்குப் போவார்கள்.

மதகடியில் பஸ் நின்றபோது ஓர் அம்மாள் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். 'ஒங்க அத்தை நிக்கிறாங்க பாரு' என்று கண்டக்டர் என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். அது அத்தை இல்லை. அத்தை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இறங்கிவிட்டேன். பஸ் போயிற்று. அந்த அம்மாள் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்ப்பக்க வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.

மழைக்காலம். மதகில் தண்ணீர் உறுமிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்தில் நான் அழுதது எனக்கே கேட்கவில்லை. மதகுச் சுழல் பிள்ளைகளைப் பிடித்து இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேட்டிருந்தேன். கிட்டே போகவும் பயம், ரோட்டில் நிற்கவும் பயம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு வந்தது. பையை மதகுச் சுவர்மேல் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காட்டாமணக்குப் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். நாய் பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. நான் வெளியே வரவில்லை.

அப்புறம் வந்ததுதான் நாயைவிடப் பயம். வயலுக்குள்ளிருந்து தலைவிரி கோலமாக ஓர் உருவம் ஓடி வந்தது. இடுப்புவரை சேறு. வாயிலிருந்து சொல்லே இல்லாமல் ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மதகுச் சுவர்மேல் இருந்த பையைப் பார்த்ததும் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. உருவம் படியில் சறுக்கித் தண்ணீருக்குள் இறங்கி, கழுத்தளவுக்குப் போய், இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவிற்று. பேய் என்றே நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன். தண்ணீருக்குள் அது, 'பாப்பா' என்றது. என்னை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் வீட்டு மனிதர்கள் மட்டும்தான்.

நான் புதரை விட்டு வந்து, 'அத்தை' என்றேன். அத்தை திரும்பினாள். அத்தைக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எப்படியோ படியைப் பற்றி ஏறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்தது அப்போதுதான். கட்டிக்கொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. வரப்பு வழியே என்னை நடத்திக்கொண்டு போனாள். வீட்டு வாசலில் நின்ற மாமாவிடம், 'பஸ்ஸ திருப்பி விட்டுட்டாங்க' என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸுக்காரர்கள் மேல் கோபம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. வைக்கோல் போரிலிருந்து விழுந்த நல்லபாம்பைக் களத்துக் கட்டையால் தள்ளி விட்டுவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தவள் அவள். தண்ணீர் முறைக்கு வம்புக்கு வந்த ஆம்பிளைகளை வரப்பிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் எப்போது போனாலும் குளக்கரையில் அவள் நிற்பாள், மதகடிக்கு மகனை அனுப்பி வைப்பாள். சனிக்கிழமையானால் அவள் மதகடியில், அத்தான் குளக்கரையில். நான் காலேஜுக்குப் போன பிறகும் இதே கதைதான். இறங்கியதும் முதல் கேள்வி, 'எந்த வழியா வந்தே?' என்பதுதான். வா என்பது கூட அதற்கப்புறம்தான். ஒரு தடவை, 'வானத்து வழியா வந்தேன் அத்தை' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

இப்போது மாமா இல்லை. அத்தைக்கும் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறது. சாப்பிட்டது மறக்கிறது. பெற்ற பிள்ளையை எங்கள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அத்தானிடமிருந்து போன் வந்தது. 'அம்மாவக் காணும் பாப்பா' என்றார். குளக்கரையில் தேடியாயிற்று, குளத்துக்குள் கழி விட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வாசலில் கிடைத்த ஆட்டோவில் ஏறிய பிறகுதான் மூளை வேலை செய்தது. திரும்பக் கூப்பிட்டு, 'இன்னிக்கி சனிக்கிழமை அத்தான். மதகுல பாத்தீங்களா?' என்று கேட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் மதகுக்குச் சற்றுத் தள்ளி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அத்தை படியில் நின்றாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர். கணுக்கால் முழுகியிருந்தது. ஒரு கை மதகுச் சுவரில். ரோட்டைப் பார்ப்பாள், தண்ணீரைப் பார்ப்பாள், மறுபடி ரோட்டைப் பார்ப்பாள். அத்தான் ஓர் அடி எடுத்து வைத்தால் அவள் ஒரு படி இறங்குகிறாள். பாசி படிந்த படி. ஓடிப்போய்ப் பிடிக்கலாம், அதற்குள் வழுக்கினால் போயிற்று.

'கிட்ட வராதீங்க. புள்ள பஸ்ஸுல தனியா வருது' என்றாள்.

நான் மெதுவாக, 'அத்தை, நாந்தான் பாப்பா. வந்துட்டேன், மேல வாங்க' என்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக நிற்கிற ஒருத்தியை மரியாதையாகப் பார்க்கிற பார்வை.

'நீங்க யாரு வூட்டும்மா? அது சின்னப்புள்ள' என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு படி இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர் வந்துவிட்டது.

என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. ஏழு வயதில் புதருக்குள் இருந்தபோது கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அத்தான் வாய்க்குள் முனகினார். பஸ் வந்து, அதிலிருந்து பிள்ளை இறங்காவிட்டால் அத்தை எங்கே தேடுவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த நினைப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அத்தானை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு முந்தின ஸ்டாப்பான புளியமரத்தடிக்குப் போனேன். பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கோயிலுக்குப் போய் வந்த கூட்டம் பிதுங்கிற்று. கண்டக்டர் என் மகன் வயசுப் பையன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம், 'நான் என்னக்கா சொல்லணும்?' என்று கேட்டான்.

'புள்ளைய ஒப்படைச்சாச்சுன்னு சொல்லுங்க தம்பி.'

கொஞ்ச தூரம்தான். படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதகுப் படி காலியாக இருந்துவிடுமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். விசில் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அத்தை நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் இடுப்பில் இருந்தது. முகம் மட்டும் பஸ்ஸின் பக்கம் திரும்பியிருந்தது.

நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பையன் வாசலில் நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, 'அம்மா, ஒங்க புள்ளைய ஒப்படைச்சாச்சு' என்றான். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. அத்தை சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அத்தான் குறுக்கே வராமல் ஒதுங்கிக்கொண்டார். என் எதிரில் வந்து நின்று முகத்தைப் பார்க்காமல், நான் இறங்கிய பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

'எந்த வழியா வந்தே?'

'சனிக்கிழமை வழியா அத்தை.'

தலையை ஆட்டிக்கொண்டாள். வளையல் இல்லாத, நரம்பு புடைத்த கை. அதே பிடி. ஈரத்தில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அவள் பிடிக்குள் என் கை அசையாமல் இருந்தது. நடுங்கியது அத்தையின் கை. அன்றைக்கும் அவள் கைதான் நடுங்கியிருக்கிறது.