குழாய்த் தண்ணீரில் கடுக்காய்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையில் ஓர் ஊரில் குடிநீர் பற்றிக் கணக்கெடுத்தேன். 'வீட்டருகே குடிநீர்க் குழாய் உள்ளதா?' என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் 'ஆம்' என்றே பதில். அட்டவணை அத்தனை அழகாக அமைந்ததில், பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் கல்லூரித் தமிழாசிரியை, மலைமக்களின் பேச்சைப் பதிவுசெய்ய அதே ஊருக்குப் போய்வந்தார். அவருடைய செல்போன் பதிவில் ஒரு பெண், தினமும் ஊற்றுக்கு நடந்துபோய்க் குடம் சுமந்து வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க அட்டவணையில இந்தம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டார் ஆசிரியை. எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை இருவரும் மலை பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். அவரோ பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல் சேகரித்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பெண் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். குழாய் இருப்பதாகச் சொன்னீர்களே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கொழா இருக்குதான்னு கேட்டீங்க, இருக்குதுன்னோம். அதக் குடிக்கிறீங்களான்னு யாரும் கேக்கலியே" என்றார், வெட்டுவதை நிறுத்தாமல்.

அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போகிறதாம், சோறு பழுப்பாகிறதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியை அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் ஊற்றுத் தண்ணீரை இன்னொன்றிலும் பிடித்துவந்து வேதியியல் பேராசிரியரிடம் கொடுத்தோம். அவர் பாட்டிலைத் தொடவே இல்லை. ஆசிரியையின் நோட்டைப் படித்துவிட்டு, "இரும்பு ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல. டீயில இருக்கிற துவர்ப்பு பட்டா கறுத்துடும்" என்றார். நான் நம்பாமல் பார்த்ததால், இரண்டு தண்ணீரிலும், அதே துவர்ப்புள்ள கடுக்காய்ப் பொடியைத் தூவினார். குழாய்த் தண்ணீர் மை போல இருண்டது. ஊற்றுத் தண்ணீர் நிறம் பெரிதாக மாறவில்லை. பிறகு முறைப்படி செய்த பரிசோதனையும் இரும்பென்றே சொன்னது.

மூவருமாக ஆட்சியருக்கு மனு எழுதினோம். நான் ஆறு அட்டவணை வைத்தேன். ஆசிரியை ஐந்தை எடுத்துவிட்டு, அந்தப் பெண் சொன்னதை மேலே வைத்தார். சில மாதங்களில் தண்ணீர்த் தொட்டியருகே வடிகட்டி வந்தது. இதையே கட்டுரையாகவும் எழுதினோம், அதற்குத்தான் யோகமில்லை. பொருளாதார இதழ், இது வேதியியல் என்று திருப்பியது. வேதியியல் இதழ், இது மொழியியல் என்றது.

இப்போதெல்லாம் கணக்கெடுப்புக் கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்புமுன் தமிழ்த் துறைக்கு எடுத்துப்போகிறேன். ஆசிரியை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, பாதியை அடித்துவிடுகிறார்.