இல்லாத பிரேக்கை மிதித்தவர்

காசு கொடுத்து வாங்குகிற பூட்ஸை எவனாவது ஒரு அளவு சின்னதாகக் கேட்டு வாங்குவானா? பிரேக் மாஸ்டர் வாங்கினார். ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி இல்லை, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கச் சேர்ந்த நாள் முதல் வாங்கிய அத்தனை ஜோடியும் அப்படித்தான். பழகுகிறவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் மாஸ்டர் இருப்பார், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். தாராளமான பூட்ஸ் போட்டால் காலுக்கும் பெடலுக்கும் நடுவே காற்று புகுந்துவிடுமாம். "பெடல் பேசறது காலுக்குக் கேக்கணும்" என்பார். பெடல் என்ன பேசித் தொலைத்ததோ, வலது காலின் இரண்டாவது விரல் நடு மூட்டில் மடங்கி, கட்டைவிரலின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாமல் போனது.

"இதுக்குப் பேர் சுத்தியல் விரல்" என்றார் டாக்டர். மூட்டில் கொஞ்சம் எலும்பைச் சீவி எடுத்து, விரலை நிமிர்த்தி, நுனியிலிருந்து உள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் செருகி அனுப்பினார். கம்பியின் முனை விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரையும் குத்தாமலிருக்க அதன் தலையில் ஒரு நீல உருண்டை. எந்நேரமும் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக மட்டும் குதிகாலால் நடக்கலாம். முன்பாதத்தை எதிலும் அழுத்தக் கூடாது.

"எதுலயும்னா எதுலயும். கம்பி வளைஞ்சா எலும்பு ஒட்டாது. விரல் பழைய குருடி கதவைத் திறடின்னு திரும்ப மடங்கிடும். அப்புறம் அழுத்தி மிதிக்கிற வேலையையே மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

ஸ்கூல் முதலாளி போனில் ஆறுதல் சொன்னார். அந்த சீட்டில் தற்காலிகமாக ஒரு பையனைப் போட்டிருக்கிறாராம். "கால் சரியாச்சுன்னா சீட்டு உங்களுக்குத்தான் மாஸ்டர். ஆகலைன்னாலும் கவலைப்படாதீங்க, ஆபீஸ்ல உக்காந்து பாரம் பூர்த்தி பண்ணிக் குடுங்க" என்றார். வாழ்நாள் முழுக்க ஓடும் வண்டியில் உட்கார்ந்தவரை ஓடாத நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்! அந்தச் சீட்டை விட்டால் தனக்கு வேறு இடம் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஆகவே ஹாலில் சோபா, சோபாவின் ஒரு முனையில் இரண்டு தலையணை, தலையணை மேல் கால், காலின் உச்சியில் நீல உருண்டை. மாஸ்டர் மல்லாந்து கிடந்து உலகத்தை அந்த உருண்டை வழியாகப் பார்த்தார். கால்தான் சும்மா கிடக்க மறுத்தது. டிவியில் ஒரு கார் திரும்பினால் கால் துடிக்கும். வெளியே யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால் துடிக்கும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியது. மனைவி ஓடி வருவதற்குள் மாஸ்டர் சோபாவில் படுத்தபடியே பிரேக் போட்டுவிட்டார். பால் நிற்கவில்லை. நல்லவேளை, கால் காற்றைத்தான் மிதித்தது. அன்றே மனைவி சோபாவின் கால்பக்கக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட்டாள்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள்.

"இது தொட்டில் பழக்கம் இல்ல. தொழில் பழக்கம்."

"அதான் சொல்றேன். ரெண்டையும் கழட்டி வைக்க முடியாது."

அவள் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். கல்லாவில் உட்காருகிறாள் என்பது மாஸ்டரின் எண்ணம். விடிகாலையில் போய், அவர் எழுந்து பல் தேய்க்கிற நேரத்துக்கு ரொட்டி வாசனையோடு திரும்பி வருவாள், பிறகு மறுபடியும் போவாள். கல்லாவுக்கு விடிகாலையில் என்ன வேலை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்தவன் வண்டி எத்தனை அங்குலம் தள்ளி வருகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதருக்கு, வீட்டுக்குள் நடப்பது மட்டும் கண்ணில் படாது.

கல்யாணமான புதிதில் அவளுக்கும் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கப் போனார். முதல் நாளே, "நீ ஓட்டு. பிரேக்கை நான் பாத்துக்கறேன்" என்றார். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்தான் அது. பிரேக் மாஸ்டர் என்ற பேர் வந்ததே அதனால்தான். அதற்குமேல் ஒரு தத்துவமும் வைத்திருந்தார்: "வண்டியில தூங்கறவன் முழிச்சுக்கக் கூடாது. அப்படி நிறுத்தறதுக்குப் பேர்தான் நிறுத்தறது." தத்துவம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கால் பிரேக்கின் பக்கம் நகர்வதற்குள் அவர் கால் மிதித்துவிடும். ஒரு வாரம் ஓட்டினாள். அந்த வாரத்தில் ஒருமுறைகூட வண்டி அவள் சொல்லி நிற்கவில்லை. கடைசி நாள் கடைத்தெரு நடுவில், "உங்க காலே ஓட்டட்டும்" என்று சொல்லி இறங்கி, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தையல் பிரிக்க இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மனைவியின் தம்பி தன் காரைக் கொண்டுவந்தான். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, "வசதியா உக்காருங்க மாமா" என்றான். நல்ல பையன். ஆனால் முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்காமல் விடமாட்டான். மூன்றாவது லாரியைப் படிக்கக் கிட்டே போனபோது மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

அவர் போட்ட சத்தத்தில் லாரிக்காரனே நிறுத்திவிட்டான்.

டாக்டர் ரத்தம் பூத்த கட்டைப் பிரித்தார். "என்னத்தை மிதிச்சீங்க?"

"பிரேக்கை."

"இந்தக் காலோட வண்டி ஓட்டினீங்களா?"

"இல்லைங்க. பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"பக்கத்து சீட்டுல ஏது பிரேக்கு?"

"இல்லைங்க."

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கம்பி லேசாக வளைந்திருந்தது. "இது தாங்கும். இன்னொரு மிதி தாங்காது. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, அப்ப எடுக்கிற எக்ஸ்ரேலதான் தெரியும்" என்றார். திரும்பும்போது மாஸ்டர் பின் சீட்டில் காலைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. அடுத்த முறை இந்தக் கால் பேச்சைக் கேட்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அந்த வாரம் ஒருவர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கரிங் கடைக்காரர். மாஸ்டரின் விரலைக் குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். "உள்ள கம்பி குடுத்து நிமிர்த்தியிருக்காங்க. நல்ல வேலை. நாங்களும் இப்படித்தான் செய்வோம்" என்றார். பிறகு சோபா ஓரத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"நீங்க சீக்கிரம் எழுந்து வரணும் மாஸ்டர். தொழில் படுத்துடுச்சு."

"யார் தொழில்?"

"எந்தொழில்தான். புதுப் பையன் வந்ததுலேருந்து முன் பம்பர் வேலையே வரமாட்டேங்குது. உங்க கிட்ட படிச்சவங்கன்னா லைசென்ஸ் வாங்கின மாசமே ஒரு தடவை வந்துடுவாங்க." அவர் குத்திக்காட்டவில்லை, மனம் நொந்துதான் சொன்னார். "எல்லாம் அருமையா ஓட்டுவாங்க. நிறுத்தறதுலதான் கொஞ்சம் லேட்டு."

"அந்தப் பையன் என்ன பண்றான்?"

"அவன் எங்க மிதிக்கிறான்! காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கறான். வாயால கத்தறதோட சரி."

மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தைத் தொடவில்லை.

மறுநாள் சோபாவை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். தெருவில் அவரிடம் படித்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் காசாளர் வந்தார். கியர் மாற்றியது வெண்ணெய், திருப்பியது வெண்ணெய். கேட்டில் போய் 'டொக்' என்று முட்டி நின்றார். இறங்கிப் பம்பரைத் தடவிவிட்டு உள்ளே போனார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. வண்டி நிற்கும்போது டொக் என்று சத்தம் வரும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. எதிர் வரிசை டீச்சர் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றார். கடைசி வீட்டுக்காரர் காசாளரின் காரில் முட்டி நின்றார்.

"இவங்க எல்லாத்துக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

"எல்லாரும் முதல் டெஸ்ட்லயே பாஸ்."

"பாஸ்தான். பக்கத்துல நீங்க உக்காந்திருப்பீங்கன்னு இன்னும் நினைச்சிட்டிருக்காங்க, பாவம்."

மாஸ்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவமானமாக இருந்தது.

எக்ஸ்ரே நாள் நெருங்கியது. மச்சான் கார் வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம், எதில் ஏறினாலும் ரோடு கண்ணில் பட்டால் கால் மிதித்துவிடும் என்று மாஸ்டர் புலம்பினார். மனைவி ஒரு துண்டை உதறி மடித்துவிட்டுச் சொன்னாள்.

"ரோடு தெரியாத வண்டி ஒண்ணு இருக்கு. பேக்கரி வேன்."

"அதை யார் ஓட்டுவா?"

"தினம் யார் ஓட்டறாங்களோ அவங்கதான்."

"யாரு?"

"நான்தான்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்கூடத் துடிக்க மறந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக ஓட்டுகிறாளாம். விடிகாலையில் கடைகடையாக ரொட்டியும் கேக்கும் போடுகிறாளாம். அவர் மெதுவாகக் கேட்டார்:

"எங்க கத்துக்கிட்ட?"

"உங்க ஸ்கூலுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற ஸ்கூல்ல."

"எதிர்க்கடையிலயா!" என்று அலறினார். பெண்டாட்டி தனக்குத் தெரியாமல் லைசென்ஸ் எடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். எதிர்க்கடை! "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பக்கத்துல வந்து உக்காந்திருப்பீங்க" என்றாள்.

வேன் வாசலுக்கு வந்தது. பின்பக்கம் ஜன்னலே கிடையாது. தட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தை விரித்திருந்தாள். ஆனால் காலியாக இல்லை. போகிற வழியில் கேக்குகளைக் கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தால்தான் வேன் என்று பேக்கரி முதலாளியம்மா சொல்லிவிட்டாராம். மாஸ்டர் படுத்ததும் காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். பிறகு பாதத்துக்கு நேர் எதிரே, ஒரு சாண் தள்ளி, மூடியில்லாத அட்டைப்பெட்டியில் மூன்று அடுக்கு க்ரீம் கேக்கை வைத்தாள்.

"இதை எதுக்கு இங்க வைக்கிற?"

"இதைவிட்டா வேற இடமில்ல. காலை நீட்டி மிதிச்சீங்கன்னா கம்பி கேக்குல இறங்கும். அதோட விலையை முதலாளியம்மா கிட்ட நீங்களே பேசிக்கணும்."

"ஆள் ஏத்தற வண்டியே இல்ல இது. சட்டப்படி தப்பு. பெல்ட்டு கிடையாது."

"ரொட்டி மாதிரி படுங்க" என்று கதவைச் சாத்தினாள்.

உள்ளே அரை இருட்டு, வனிலா வாசனை. வேன் கிளம்பியது. மாஸ்டர் ரோட்டைக் காதால் பார்த்தார். இதோ சந்திப்பு வருகிறது. இதோ பஸ் ஒன்று இடது பக்கம் உறுமுகிறது. கால் விறைத்தது. நீல உருண்டை கேக்கை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினார்.

முன்னாலிருந்து குரல் வந்தது. நிதானமான குரல்.

"நீங்க சும்மா படுங்க. பிரேக்கை நான் பாத்துக்கறேன்."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். தொடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேக்கின் உச்சியையே பார்த்தார். அங்கே க்ரீமால் செய்த ஒரு ரோஜா, தொட்டால் விழுகிற மாதிரி நின்றது. வெளியே ஒரு சைக்கிள் மணி தாறுமாறாக அடித்தது, யாரோ கத்தினார்கள், எவனோ குறுக்கே வந்துவிட்டான் என்பது தெளிவாகத் தெரிந்தது. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ரோஜா ஆடவில்லை. வேன் எப்போதோ நின்றிருந்தது.

கேக்குகளைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கம்பி அப்படியே இருக்கு. எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு. இந்த மாதிரியே பாத்துக்கிட்டா சீட்டுக்குத் திரும்பிடலாம்" என்றவர், ஒரு சந்தேகத்தோடு கேட்டார்: "இந்தத் தடவை ஒண்ணையும் மிதிக்கலையே?"

"மிதிக்க வேண்டிய வேலை வரலைங்க" என்றார் மாஸ்டர்.

திரும்புகையில் வேன் காலி. மெத்தையில் கிடந்த மாஸ்டர் முதல் சந்திப்புவரை காதைத் தீட்டிக்கொண்டுதான் வந்தார். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது பின்கதவு திறந்திருந்தது, வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவள் கதவோரம் சாய்ந்து நின்று, ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதி தின்று முடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவர்கள் வீட்டு வாசல் தெரிந்தது.

மாஸ்டர் காலைப் பார்த்தார். தலையணை மேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.

"எப்ப நிறுத்தின?"

"அப்பவே நிறுத்திட்டேன்" என்று சொல்லி, மிச்சமிருந்த ஆரஞ்சை அவர் கையில் கொடுத்தாள்.