வண்டியோடு போனவருக்கு ஓர் இலை

இலுப்பெண்ணெயில் ஊறிய பழந்துணி எரியும்போது கசந்த வாடை ஒன்று எழும். வேட்டியில் ஏறிவிட்டால் எத்தனை அலசினாலும் லேசில் போகாது. பங்குனி உத்திரம் முடிந்து இராஜபாளையம் மில்லுக்கு வேலைக்குத் திரும்பும் என் அப்பாவின் மேல் அந்த வாடை இருக்கும். அவர் அதைப் பெருமையாகவே சுமந்து போவார். மம்சாபுரத்துக்கு அப்பால், கண்மாய்க்கரைச் சாஸ்தா கோயிலில் பண்ணை வீட்டார் பூசை முடிக்கும்வரை வாசலுக்கு வெளியே தீப்பந்தம் பிடித்து நிற்பது எங்கள் குடும்பத்துக்கு உரியது. வீட்டில் அதற்குப் பெயர் "பந்த உரிமை". அப்பாவும், தாத்தாவும், அவருக்கு முன்னவரும் பிடித்த பந்தம். பூசை முடிந்ததும் பண்ணையின் கணக்கப்பிள்ளை வெளியே வந்து தேங்காய் மூடி ஒன்றை அப்பாவின் துண்டில் போடுவார். நாங்கள் வாசலோடு கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அதுதான் எங்கள் குலசாமி என்று நினைத்திருந்தோம். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை என்பது சின்ன வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டு, அக்கா செல்விக்குக் கிருஷ்ணன்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் முருகேசன், மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அக்கா நீட்டிய தட்டிலிருந்து டம்ளரை எடுக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே, காப்பி ஆறுது" என்று அவருடைய பெரியப்பா சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதற்குப் பிறகும் பல நாள் அவள் முகத்தில் இருந்தது.

தகப்பன் இல்லாத முருகேசனுக்காகப் பேசி முடித்தவர் அந்தப் பெரியப்பாதான். எல்லாம் பேசி எழும்போது கேட்டார்: "சம்பந்தி, ஒங்க குலசாமி எது?" எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. அப்பா கண்மாய்க்கரைச் சாஸ்தாவைச் சொன்னார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. வாற உத்திரத்துக்கு நாங்களும் அங்கனயே வாரோம். ஒங்க சாமி முன்னாலயே பொண்ணுக்குப் பூ வச்சிருவோம்."

அப்பா தலையாட்டினார். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தவர் வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

மறுநாள் மம்சாபுரத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், களையெடுக்கப் போகிறவள், மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பவள்.

"ஏலே, அது ஒன் சாமியா? பண்ணைக்குப் பங்காளியாலே நீயி? அப்ப போயி அவிய பக்கத்துல ஒக்காந்து பொங்கலத் திங்க வேண்டியதுதான?"

"செத்த நேரம் சும்மா இருக்கா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நிக்கும்."

"தெரியட்டும். நம்ம பூட்டன் சீதனமா வந்தவன்லே."

அத்தை சொன்னது இதுதான். பண்ணை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணோடு அவளுடைய தகப்பன் நகை, நிலம், ஒரு சோடி மாடு எல்லாம் அனுப்பினார். கூடவே ஓர் ஆளையும் அனுப்பினார். அந்த ஆள்தான் எங்கள் பூட்டன். ஆளை வாங்கவும் விற்கவும் கூடாது என்று சட்டம் வந்த பின்னும் பழக்கம் விடாத காலமாக அது இருந்திருக்கலாம். உறுதியாக எனக்குத் தெரியாது. அத்தையிடம் சான்று என்று இருந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டுச் சாவுகளில் பெண்கள் மாரடித்து அழும்போது, இறந்தவரைப் "பிளவக்கல் விட்டு வண்டிப் பின்னே நடந்த வம்சமே" என்று கூப்பிட்டு அழுவார்கள். பிளவக்கல் மலையடிவாரம். தானாக ஊர் பெயர்கிறவர்கள் தங்கள் சாமியின் காலடியில் பிடிமண் எடுத்துப் போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். கல்யாண வண்டிக்குப் பின்னால் நடத்திக் கூட்டிவரப்பட்டவருக்கு அது வாய்க்கவில்லை. கூட்டிவந்தவர்களின் சாமிக்குப் பந்தம் பிடித்தார். பிடித்துப் பிடித்து அவர் பிள்ளைகள் அதையே தங்கள் சாமியாக்கிக்கொண்டார்கள்.

அந்த ஒரு வருடம் மட்டும் பந்தம் பிடிக்க வேறு ஆள் வைத்துக்கொள்ளும்படி கேட்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்த பண்ணை வீட்டுக்கு அப்பா போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபடி அம்மாவிடம் சொன்னார்: "'ஒன் மக கல்யாணத்துக்கு என் சாமி இருட்டுல நிக்கணுமா'ங்காரு." அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கே அக்கா இருந்தாள்.

உத்திரத்தன்று பொழுது சாயும் நேரம். அக்கா, அத்தை உட்பட நாங்கள் எல்லோரும் கோயில் வாசலில் நின்றோம். கணக்கப்பிள்ளை பந்தத்தை நீட்ட, அப்பா கைப்பழக்கத்தில் வாங்கிவிட்டார். அப்போதுதான் கிருஷ்ணன்கோவில் வேன் கரையேறி வந்து நின்றது. பெரியப்பா பூத்தட்டோடு இறங்கினார்.

"என்ன சம்பந்தி, வெளிய நிக்கிய? வாங்க, உள்ள போவோம்."

 பந்தத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. உள்ளே மணி அடித்தது. "தூக்கிப் பிடிடா" என்றார், அப்பாவைவிட வயதில் இளைய கணக்கப்பிள்ளை. பெரியப்பா பூத்தட்டைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு அப்பாவையே பார்த்தார்.

அப்பா பந்தத்தைத் தலைகீழாக மணலில் குத்தினார். வாசல் இருண்டது.

"இது எங்க சாமி இல்ல, பண்ணைச் சாமி. எங்க பூட்டன் சீதனத்தோட வந்த ஆளு. எங்க சாமி எதுன்னு எங்களுக்கே தெரியாது. ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். இதுக்குமேல ஒங்க இஷ்டம்."

உள்ளே கூச்சல் எழுந்தது. பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "சீதனம் எங்கருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"பிளவக்கல் பக்கம். வண்டிப் பின்னால நடந்தே வந்தாராம்."

பெரியப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய சாமி பிளவக்கல் அணைக்குக் கீழே ஓடைக்கரையில் இருக்கிறது. அங்கே படையலின்போது பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை போடுவார்கள். அவற்றுக்கு நடுவே ஆளில்லாமல் ஓர் இலை. "எதுக்குன்னு கேட்டா, 'வண்டியோட போனவருக்கு'ம்பாரு எங்க அப்பா. எங்கன போனாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். பிறகு எழுந்து, எண்ணெய் வழிந்த அப்பாவின் கையைப் பிடித்து, "தம்பி" என்றார்.

"ஒரு இலைய நம்பியா கல்யாணத்த நிறுத்துதிய?" என்று அத்தை பாய்ந்தாள்.

"அண்ணன் தங்கச்சின்னு ஆயிப்போச்சுன்னா எப்படித்தா கட்டி வைக்க?" என்றார் பெரியப்பா. 

வேன் கதவைப் பிடித்தபடி நின்ற முருகேசனை அக்கா பார்க்கவில்லை. "அப்பா, வேட்டில தீப்பொறி" என்று குனிந்து, அதைத் தன் கையால் தட்டி அணைத்தாள்.

பிறகு நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். அந்தப் பழக்கத்தில் சொன்னால், இந்தக் கதைக்கு ஓர் ஒப்பாரி வரியும் ஓர் இலையும் தவிர ஆதாரம் இல்லை. அந்த அடிவாரத்திலிருந்து வண்டிகளுக்குப் பின்னால் எத்தனை பேர் நடந்தார்களோ. இதை யாராவது எழுதிக் கொண்டுவந்தால் நானே அச்சுக்கு விடமாட்டேன். ஆனாலும் ஒவ்வோர் உத்திரத்துக்கும் பிளவக்கல் போகிறேன்.

கண்மாய்க்கரைக் கோயிலில் இப்போது ஜெனரேட்டரும் சீரியல் பல்புகளும் வந்துவிட்டன, பந்தம் கேட்பாரில்லை. அப்பாவும் இல்லை. அக்கா சங்கரன்கோவிலில் வாழ்கிறாள், புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிடுகிறாள். பிளவக்கலுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஓடைக்கரையில் ஆளில்லாத இலை என்று இப்போது ஒன்று கிடையாது. அந்த இடத்தில் நான் உட்காருகிறேன். பரிமாறுவது முருகேசன் அண்ணன், தலை நரைத்துவிட்டது. சோற்றை வைக்கும்போது, "செல்வி…" என்று தொடங்கி நிறுத்தி, "தங்கச்சி நல்லாருக்கா?" என்று கேட்பார். "நல்லாருக்காண்ணே" என்பேன். கரண்டி அடுத்த இலைக்குப் போய்விடும்.