உச்சி வேளைப் பயம்

அறுபதுகளின் கடைசியில் சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் வேறு வீடே கிடையாது. முள்ளுக்காடு, சில பனைமரங்கள், அவற்றைத் தாண்டினால் ஏரி. கணவர் காலையில் மின்சார ரயில் பிடித்து ஆபீசுக்குப் போய்விட்டால் நானும் மூன்று வயது மகளும்தான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஒரு மே மாதத்து மதியம், ரசம் சாதத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மகளையும் கையில் பிடித்தபடி கிளம்பினேன். சாலையில் சுற்றிப் போனால் அரை மணி ஆகும். காட்டு வழி பத்தே நிமிடம்.

காற்று அடியோடு நின்றிருந்தது. பனையோலை அசையவில்லை. காக்கை கத்தவில்லை. பாதி வழியில் அது வந்தது. எது என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. பாம்பில்லை, நாயில்லை, ஆளில்லை. ஏதோ ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஓடினேன்.

முள் புடவையைக் கிழித்தது. ஒரு செருப்பு எங்கோ போயிற்று. எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்த பிறகுதான் மூச்சே வந்தது. ஒரு கையில் தூக்கு அப்படியே இருந்தது. இன்னொரு கையில் குழந்தை இல்லை.

வந்த வழியே திரும்பி ஓடினேன். விட்ட இடத்திலேயே, வெயிலில், அவள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. தூக்கிக்கொண்டபோது கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

காட்டு ஓரத்தில் எருமை ஓட்டிவந்த பால்கார அம்மா எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது, உச்சி நேரத்துல கொயந்தைய இட்டுகினு இந்தப் பக்கம் வந்துகீறே? எங்க ஊர் ஆம்பளைங்களே வர மாட்டாங்க."

நாங்கள் கிறிஸ்தவர்கள். உச்சி வேளை, காத்து கருப்பு என்று பேசினால் கணவர் சிரிப்பார். செருப்பு அறுந்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். குழந்தை அன்று ராத்திரிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு நான் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரானேன். மகள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுப்பாடத்தோடு வந்தாள்.

"அம்மா, பானிக்னா என்ன? மிஸ் அந்த வார்த்தை எங்கேருந்து வந்ததுன்னும் எழுதச் சொல்லியிருக்காங்க."

பீதி, திகில் என்று தமிழில் சொல்லிவிட்டு, பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய அகராதியைப் பிரித்தேன். கிரேக்கர்களுக்குப் பான் என்று ஒரு தெய்வமாம். ஆட்டுக் காலும் கொம்பும் உள்ளவன், மந்தைகளின் காவலன். ஆளில்லாத காட்டிலும் மலையிலும் திரிவான். அத்தகைய இடங்களில் மனிதரையும் மந்தையையும் காரணமே இல்லாமல் திடீரென்று பிடிக்கிற பயம் அவன் வேலை என்று நம்பினார்கள். அவன் உறங்குகிற மதிய நேரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் குழல்கூட ஊத மாட்டார்களாம். அவன் பெயரிலிருந்து வந்த சொல்தான் அது.

படித்துச் சொல்லும்போதே என் குரல் மாறிவிட்டது. மகள் எழுதுவதை நிறுத்தினாள். அதன் பிறகு மறைக்க முடியவில்லை. அந்த மதியத்தை முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

"அம்மாவுக்குக் கை விட்டதே தெரியலடா. ஏன் ஓடினேன்னு இன்னிக்கும் தெரியல."

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றாள்.

"என்ன ஞாபகம்?"

"நான் கூப்பிட்டேன். நீ நின்னு திரும்பிப் பாத்தே. என்னைத்தான் பாத்தே. அப்புறம் இன்னும் வேகமா ஓடினே."

குற்றம் சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பான் என்ற பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நோட்டில் குனிந்தாள்.

நான் நின்றதாகவோ திரும்பிப் பார்த்ததாகவோ எனக்கு நினைவே இல்லை. அவள் பொய் சொல்கிற பெண்ணும் இல்லை.