ஓர் அங்குலம் நீளமான பெல்ட்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் குன்னூரில் என் காரை ஒருவருக்கு விற்றபோது பொய் சொன்னேன். "இன்ஜின் ஒரிஜினல் தானுங்களே?" என்று அவர் கேட்டார். "ஆமாம்" என்றேன்.

ஒரிஜினல் இல்லை. அந்த அம்பாசடரின் இன்ஜின் விரிசல் விட்டுப்போய், உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வேன் இன்ஜினை வாங்கி மாட்டியிருந்தேன். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றவில்லை. மாட்டிய மெக்கானிக் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "சார், ஃபேன் பெல்ட் வாங்கறப்ப வண்டி பேரச் சொல்லாதீங்க. அம்பாசடர் பெல்ட்டக் குடுத்துருவான். அது இந்த இன்ஜினுக்கு ஒரு இன்ச் நீளம் ஜாஸ்தி. வேன் பெல்ட்டுன்னு கேளுங்க." அதை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தேன். விற்ற அன்று காலை அந்தச் சீட்டை உரித்தெடுத்து என் டைரிக்குள் வைத்துக்கொண்டேன். சீட்டு அங்கே இருந்தால் பொய் நிற்காது.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். நீளமான பெல்ட் ஈரத்தில் வழுக்கிக் கத்தும், கழன்றால் விசிறி நின்று இன்ஜின் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில் கோவையில் ஒரு கல்யாணப் பந்தியில், ஊட்டிக்காரர் ஒருவர் வேடிக்கையாக ஒரு கதை சொன்னார். ஊட்டிக்கு அப்பால் கிளென்மார்கன் எஸ்டேட்டில் ஒரு வெள்ளை அம்பாசடர் இருக்கிறதாம். பனி இறங்கினால் பெண் குரலில் அழுமாம். அதை ஓட்டுகிறவரின் மனைவி அந்த வண்டியிலேயே இறந்துபோனாளாம். ஓட்டுகிறவர் பெயரைக் கேட்டேன். மாரிமுத்து என்றார். என் காரை வாங்கியவர் அவர்தான். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அதன் பிறகும் கிளம்ப எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்குக் கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் ஏறினேன். பர்லியாறு வரை வெயில். குன்னூர் தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே எதுவும் இல்லை. நான் இருபது வருடம் குடியிருந்த ஊர், ஆனால் எந்த வளைவில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை.

காலை 10.00. ஊட்டி மார்க்கெட் அருகே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் "என்ன வண்டி?" என்றார். எல்லாக் கடையிலும் முதல் கேள்வி அதுதான். மாரிமுத்துவும் இத்தனை வருடம் அதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

"வேன் பெல்ட் வேணும். போடப்போறது அம்பாசடர்ல."

"அது பத்தாதுங்க. நீங்க மெக்கானிக்குங்களா?"

"இல்லை, வாத்தியார்."

"அப்பச் சரி, வாத்தியார் சொன்னாக் கேட்டுக்கோணும்" என்று சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முந்நூற்று எண்பது ரூபாய்.

பகல் 12.30. கிளென்மார்கன் பஸ். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பக்கத்து சீட்டில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், மடியில் ரேஷன் பை. போகிற வீட்டைச் சொன்னேன்.

"மாரிமுத்தண்ணன் ஊட்டுக்குங்களா? நல்ல மனுசன். ஆனா அந்த வண்டீல மட்டும் ஏறீறாதீங்க."

"ஏன்?"

"சரசக்கா அதுலதான இருக்கா" என்றார், யாரோ கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதுபோல. சற்றுத் தூரத்தில் பஸ் மெல்ல இறங்கிய ஒரு வளைவில் வெளியே காட்டினார். சிமென்ட் தொட்டி ஒன்றின் விளிம்பு பனிக்குள் தெரிந்து மறைந்தது. "இந்தத் தொட்டி வளவுலதான் அழுவா. நாங்க எல்லாருமே கேட்டிருக்கறோம்."

மாரிமுத்து எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்க சார், இந்தக் குளிர்ல! ஒரு போன் பண்ணீருந்தா ஊட்டிக்கே வந்திருப்பனே" என்று டீ போட்டார். வண்டியைப் பார்க்க வந்தேன் என்றேன்.

தகரக் கொட்டகையில் வண்டி துடைத்த கண்ணாடியோடு நின்றது. பின்சீட்டில் ஒரு கம்பளி மடித்து வைத்திருந்தது. சுவரில் ஏழு பழைய பெல்ட்டுகள் தொங்கின. எல்லாம் அம்பாசடர் பெல்ட்.

"மாத்தாத பெல்ட் இல்லீங்க சார். மெக்கானிக்கு, எலுமிச்சம்பழம், மந்திரிச்ச தாயத்து, அத்தனையும் பாத்தாச்சு" என்றவர், சுவரைப் பார்த்தபடி மீதியைச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன், இதே ஆடி மழையில் மனைவி சரசுவுக்கு நெஞ்சு வலி. ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தொட்டி வளைவில் பெல்ட் கத்தியது. பிறகு கழன்று விழுந்தது. இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. போனில் டவர் இல்லை. எஸ்டேட் லாரி வர முக்கால் மணி நேரம். "அவ முனகுனதும் பெல்ட்டு கத்துனதும் ஒண்ணாக் கேட்டுதுங்க. அதுக்கப்புறம் எந்தப் பெல்ட்டு போட்டாலும் அந்த வளவுல அவதான். சவாரி நின்னு போச்சு. தெனமும் நாலு மணிக்கு நா மட்டும் தொட்டி வரைக்கும் போயிட்டு வருவேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் பையிலிருந்து புதுப் பெல்ட்டை எடுத்தேன். செய்து காட்டிவிட்டால் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன்.

பானட்டைத் திறந்தேன். பெல்ட்டை இறுக்குவதற்காக டைனமோவை வெளிப்பக்கம் கடைசி வரை இழுத்து, அதற்குமேல் இடமில்லாமல் போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். அப்படியும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை அங்குலம் உள்ளே போனது. பக்கங்கள் வழுக்கி வழுக்கி மெருகேறியிருந்தன. போல்ட்டைத் தளர்த்தி அதைக் கழற்றி, புதியதை மூன்று சக்கரங்களிலும் ஏற்றி இழுத்து முடுக்கினேன். அரை அங்குலம் மட்டும் அமுங்கியது.

மாலை 4.00. இருவரும் கிளம்பினோம். ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு கஜத்துக்கு மேல் போகவில்லை. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. தொட்டி வளைவு ஏற்றத்தில் மாரிமுத்து இரண்டாவது கியர் போட்டு, தலையைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்தார். காத்திருந்தார். இன்ஜின் ஒரே சீராக இழுத்தது. லைட் மங்கவில்லை. வளைவு முடிந்தது.

அவர் வண்டியை நிறுத்தி, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"என்ன பண்ணுனீங்க?"

டைரிக்குள் இருந்த சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜின், உக்கடம், அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், உரித்தெடுத்த சீட்டு. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அன்னிக்கு வண்டி நின்னது இதுனால."

"ஆமாம்."

"நா பெல்ட்டச் சரியாப் பாக்கலைன்னு என் மச்சான் சாவு ஊட்டுலயே சொன்னான். அஞ்சு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." சீட்டை மடித்தபடி, குரல் இறங்கி, "அப்ப இத்தன நாளா எங்கூடப் பேசுனது அவ இல்லீங்களா சார்?"

நான் பின்சீட்டில் மடித்திருந்த கம்பளியைப் பார்த்தேன்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பாயும் கம்பளியும் கொடுத்தார், சோறும் போட்டார். விடியற்காலை கொட்டகைப் பக்கம் ஸ்பேனர் கல்லில் விழும் சத்தம் கேட்டது.

காலை 7.00. "ஏறுங்க, பஸ்சுக்கு விட்டர்றேன்." காலை பஸ் லயம் வரை வராது, அது நிற்கும் இடம் தொட்டியைத் தாண்டி. முன்சீட்டில் உட்கார்ந்தேன். வளைவு ஏற்றம் தொடங்கியதும் அது வந்தது. முதலில் மெல்லிய முனகல். பிறகு நீண்டு, உச்சத்துக்குப் போய், உடைந்தது. ஈர ரப்பர் சக்கரத்தில் வழுக்குகிறது. எனக்குக் காரணம் தெரியும், கரும்பலகையில் எழுதியே காட்டுவேன். ஆனாலும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

"இருக்கறேன், இருக்கறேன்" என்றார் மாரிமுத்து, என்னிடம் அல்ல.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்: "ஆள் ஏற்றும்போது இந்தப் பழைய பெல்ட்டைப் போடலாமா? நின்றுவிட்டால்?"

"உங்கள ஏத்தலீங்க. கேக்க வெச்சேன்." டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். நான் வாங்கிய பெல்ட் சுருட்டி உள்ளே இருந்தது. அதற்கு மேலே என் சீட்டு, பழைய இடத்திலேயே, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது.

இறங்கிக் கதவைச் சாத்தினேன். பின்சீட்டில் யாரோ தூங்குவதுபோலச் சத்தமில்லாமல்தான் சாத்தினேன்.

ஆவணிக் கடைசியில், கோவையில் வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், போன் வந்தது.

"சார், மாரிமுத்து பேசறனுங்க. டீ பேக்டரிப் பொண்ணு ஒண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துருச்சு. உங்க பெல்ட்டப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். எங்கயும் நிக்கல."

"குழந்தை?"

"பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்கறாங்க." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "திரும்பறப்ப ஆஸ்பத்திரி வாசல்லயே பழைய பெல்ட்ட மாட்டிட்டனுங்க. தனியாத்தான வரோணும்."