ஐஸ்கட்டியும் உப்பு ஒத்தடமும்

அறுபதுகளின் கடைசியில் நான் வாவிக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். ஒரு நாள் காலை, தோணியிலிருந்து தண்ணீரில் விழுந்த தன் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். பிள்ளையின் இதயம் நின்றிருந்தது. டாக்டர் நெஞ்சை அமுக்கி அமுக்கி அதைத் திரும்ப ஓட வைத்தார். ஆனால் பிள்ளை கண் திறக்கவில்லை.

"மூளை வீங்கிச்செண்டா உயிர் இருந்தும் பிரயோசனம் இல்ல. உடம்பைக் குளிர வைப்பம்," என்றார் டாக்டர். வெளிநாட்டில் படித்தபோது பார்த்ததாம். தான் செய்ததில்லை என்பதையும் மறைக்கவில்லை. மீன்வாடியிலிருந்து சாக்கில் ஐஸ் வந்தது, உமியும் இறால் நாற்றமுமாக. கழுவி உடைத்து, துணியில் கட்டி, தலையைச் சுற்றியும் அக்குளிலும் வைத்தேன்.

பின்னாலேயே வந்திருந்த தாய்க்கு அது பொறுக்கவில்லை. தண்ணீரில் மூழ்கியவரை எடுத்ததும் சூடு காட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து உள்ளங்காலில் ஒற்றுவார்கள். "தண்ணிக்குள்ள விறைச்ச புள்ளய இன்னும் விறைக்க வைக்கிறீங்களே மிஸ்ஸி, சன்னி கண்டிரும்," என்று கெஞ்சினாள். விளக்கிச் சொன்னேன். தலையாட்டினாள், அவ்வளவுதான்.

மறுநாள் பிள்ளையின் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போனது. ஐஸ் போதவில்லையாக்கும் என்று இன்னும் உடைத்து வைத்தேன். பிறகுதான் போர்வைக்குள்ளிருந்து கருகல் வாசம் வந்தது. விலக்கிப் பார்த்தால் கால்மாட்டில் உப்பு முடிச்சு, கைசுடும் சூட்டில். தாய்தான் எதிரே இருந்த தேநீர்க்கடை அடுப்பில் வறுத்து, மடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "உங்கட புள்ளய நீங்களே கொல்லப்போறீங்க. வெளியில போங்க," என்று கத்தினேன். உள்ளே விடவேண்டாம் என்று காவற்காரனிடமும் சொன்னேன். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் வாசல் படலையடியில் குந்தியிருந்தவளைப் போகவர எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு, குளிர வைத்தது போதும் என்று டாக்டர் ஐஸை எடுக்கச் சொன்னார். மெல்ல மெல்லச் சூடு ஏறவிட்டோம். பிள்ளை அசையவில்லை. கூப்பிட்டால் இமைகூட ஆடவில்லை. தாய் சொன்னதுதான் சரியோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

ஒரு முற்பகல், ஈரத்துணியால் அதன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கண்ணைத் திறந்தது. என்னை உற்றுப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"நீங்க ஆரு? எங்கட அம்மா எங்க?"

தொப்பி நழுவி விழுந்ததையும் பாராமல் படலைக்கு ஓடினேன். நான் ஓடிவருவதைக் கண்டதும் தாய் எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் விழுந்து மாரடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதைக் கண்டு அவள் இன்னும் பலமாக அடித்துக்கொண்டாள். கடைசியில் அவளுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்து, "எழும்புங்க, உங்களைத்தான் கேக்கிறா," என்றேன்.